இலையால் மூடிய உடல்: கறுப்பினப் பரிசோதனைப் படங்களில் அரூபமும் பொருண்மையும்

மணற்கடிகை எழுதியது:

அமெரிக்கக் கறுப்பினப் பெண் இயக்குநர் ஜடோவியா கேரி 2019இல் எடுத்த ‘த ஷிவெர்னி டாக்குமெண்ட்’ படத்தைச் சென்ற வாரம் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் ஓர் இடம் என்னை விடாமல் உறுத்துவதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2016 ஜூலை 6 அன்று மினசோட்டா மாநிலத்தின் ஃபால்கன் ஹைட்ஸ் என்னும் ஊரில், சாலையில் மறித்து நிறுத்தப்பட்ட காருக்குள் ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றதும், பக்கத்து இருக்கையில் இருந்த அவருடைய தோழி டயமண்ட் ரெய்னால்ட்ஸ் அதன் பின்விளைவுகளைத் தம் கைபேசியிலிருந்து முகநூலில் நேரலையாக ஒளிபரப்பியதும் பலருக்கு நினைவிருக்கும். கேரி அந்தக் காணொளியைத் தம் படத்துக்குள் கொண்டுவருகிறார். ரெய்னால்ட்ஸின் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. ஆனால் கஸ்டீலின் உடல் இருக்கும் பகுதியின் மேல் மட்டும் இலைகளும் பூவிதழ்களும் ஒட்டிய படச்சுருள் துடித்துத் துடித்து ஓடுகிறது. அந்த இலைகள் பிரான்சின் ஷிவெர்னியில் ஓவியர் மோனே வளர்த்த தோட்டத்தின் நினைவைக் கொண்டுவருபவை.

என் கேள்வி எளிமையானது. இது மரியாதையா, அழகுபடுத்தலா? ஒரு கொலையின் மேல் பூத் தூவிவிட்டு நகர்ந்துவிட முடியுமா? அமெரிக்கக் கறுப்பினப் பரிசோதனைப் படக்காரர்களில் ஒரு சாரார் பல பத்தாண்டுகளாகவே படச்சுருளைக் கீறியும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தும், முகத்தை இருட்டில் கரையவிட்டும் படம் எடுத்து வருகிறார்கள். காயத்தைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் காட்டுவதே கலையின் கடமை என்று நம்பி வளர்ந்த என்னைப் போன்றவர்களால் இதை எளிதில் ஏற்க முடியவில்லை.

தாழ்வாரம் எழுதியது:

நீங்கள் கேட்பது திரைக்கு வருமுன்பே ஓவியக் கூடத்தில் கேட்கப்பட்ட கேள்விதான். கறுப்பின ஓவியர் ஹவார்டினா பிண்டெல் 1960களின் இறுதியில் தம் அரூப ஓவியங்களை, அதாவது அடையாளம் காணத்தக்க உருவம் எதையும் வரையாத ஓவியங்களை, எடுத்துக்கொண்டு ஹார்லெமில் இருந்த கறுப்பினக் கலைக்கான அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது, நகரத்தின் மறுகோடிக்குப் போய் வெள்ளைக்காரப் பையன்களோடு காட்சிக்கு வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பப்பட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். காகிதத்தைத் துளையிடும் கருவியிலிருந்து உதிரும் வட்டத் துணுக்குகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒட்டி ஓவியம் செய்தவர் அவர். அந்த வட்டங்களில் கறுப்பின வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். வெள்ளையர் உலகமோ வேறொரு வாசலில் அவரைத் தடுத்தது. அதே பிண்டெல் 1980இல் 12 நிமிடக் காணொளி ஒன்றை எடுத்தபோது கேமராவின் முன் தாமே அமர்ந்து, தமக்கும் தம் தாய்க்கும் நேர்ந்த இழிவுகளைச் சற்றும் அரூபமில்லாத மொழியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே தலையை வெள்ளைத் துணிச்சுருளால் சுற்றிக் கட்டுகிறார். பிறகு முகத்தில் பூசிக் காய்ந்த மெல்லிய படலம் ஒன்றைத் தோலைப் போல உரித்தெடுக்கிறார். வட்டத் துணுக்குகளை ஒட்டிய கையும் படலத்தை உரித்த கையும் ஒன்றே என்பதை மறந்துவிட்டு, இங்கே அரூபம், அங்கே அரசியல் என்று நம்மால் கோடு போட முடியாது.

இனி இலைக்கு வருவோம். அந்தக் காணொளி ஊரறிய ஓடியது. காவல் வண்டியின் கேமராப் பதிவும் இருந்தது. ஆயினும் சுட்ட காவலரை 2017 ஜூனில் நடுவர் குழு விடுவித்தது. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்த காட்சி 1991இலேயே உலகம் முழுவதும் ஒளிபரப்பாகியும், அடுத்த ஆண்டு நடுவர் குழு அவர்களில் யாரையும் தண்டிக்கவில்லை என்பதும் தெரியும். பட்டப்பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்ற உங்கள் நம்பிக்கையை அந்த நாடு பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. கிடைத்ததெல்லாம், ஒரு மனிதன் சாவதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கும் வசதிதான். கேரி அந்த வசதியைப் பறிக்கிறார். மார்த்தினிக் தீவின் கவிஞர் எதுவார் கிளிசான், பிறர் முழுமையாகப் புரிந்துகொள்ளும்படி தன்னை விரித்துவைக்க மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று வாதிட்டார். ஒளிபுகாமைக்கான உரிமை என்று அதைச் சொல்லலாம். இறந்தவரால் அந்த உரிமையைக் கோர இயலாது என்பதால், அவர் பொருட்டு வேறொருவர் இலையை எடுத்து வைக்கிறார்.

கேரியின் கை எப்போதும் மறைக்கவே செய்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2015இல் அவர் எடுத்த ‘அன் எக்ஸ்டாடிக் எக்ஸ்பீரியன்ஸ்’ ஆறே நிமிடப் படம். 1965இன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடிகை ரூபி டீ, ஃபேனி மூர் என்ற முன்னாள் அடிமைப் பெண்ணின் வாக்குமூலத்தை நடித்துச் சொல்லும் காட்சியை எடுத்துக்கொண்டு, சட்டகம் சட்டகமாக அதன்மேல் கீறியும் வண்ணம் தீட்டியும் இருக்கிறார். வயலில் நின்று விடாமல் பிரார்த்தனை செய்த தாயைப் பற்றிய கதை அது. கோடுகள் ரூபி டீயின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல நடுங்குகின்றன. அந்த முகத்தை இன்னும் கூர்ந்து பார்க்கவே அவை நம்மைத் தூண்டுகின்றன.

எதிர்வெயில் எழுதியது:

தாழ்வாரம் அவர்கள் அழகாக எழுதிவிட்டார்கள். அந்த அழகுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. கீறல் என்றால் காயம், இருட்டு என்றால் இனம், இலை என்றால் மரியாதை என்று ஒரு வாய்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டால் எந்தப் படத்துக்கும் பத்து நிமிடத்தில் உரை எழுதிவிடலாம். வெள்ளையரான பரிசோதனைப் படக்காரர் ஸ்டான் பிராக்கேஜ் 1963இலேயே அந்துப்பூச்சியின் இறகுகளை இரண்டு நாடாக்களுக்கு இடையே ஒட்டி, கேமராவே இல்லாமல் படம் செய்தார். அவர் ஒட்டினால் ஒளியின் கவிதை. கறுப்பினப் பெண் ஒட்டினால் உடனே வரலாற்றுக் காயம். இது பாராட்டுப் போலத் தெரிந்தாலும், கறுப்பினக் கலைஞர் எதைத் தொட்டாலும் அது கறுப்பைப் பற்றியதாகவே இருந்தாக வேண்டும் என்று பிண்டெலைத் திருப்பி அனுப்பிய அதே வாசற்காவல்தான்.

பொருண்மை, அதாவது ஒரு படம் எந்தப் பொருளால் ஆனதோ அதன் கனம், என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கறுப்பினப் படக்காரர் கெவின் ஜெரோம் எவர்சன். 1965இல் ஒஹையோ மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டில், தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் பிறந்து, சிற்பம், புகைப்படம் ஆகியவற்றின் வழியாகத் திரைக்கு வந்தவர். 2010இல் அவர் எடுத்த ‘ஈரி’ படத்தில் ஒவ்வொரு காட்சியும் வெட்டில்லாத ஒற்றை ஓட்டம். பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள் 400 அடி கொண்ட ரீலாக வரும். விநாடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் அது 11 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். அந்த ரீலின் நீளமே காட்சியின் நீளத்துக்கு எல்லை. ஒரு சிறுமி எரியும் மெழுகுவர்த்தியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவளைப் பார்க்கிறீர்கள். முதல் இரண்டு நிமிடம் பொருள் தேடுவீர்கள், பிறகு சலிப்பீர்கள், அதன்பின் அவளுடைய கவனம் எவ்வளவு பெரிய உழைப்பு என்பது மெல்லப் பிடிபடும். 2015இன் ‘பார்க் லேன்ஸ்’ எட்டு மணி நேரப் படம். பந்துருட்டு விளையாட்டுக் கூடங்களுக்கான கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் ஒரு முழு ஷிப்ட் வேலை செய்கிறார்கள். படமும் ஒரு முழு ஷிப்ட் ஓடுகிறது. இதில் எந்த உருவகமும் இல்லை. நேரம்தான் பொருள்.

‘டான்ஸ்லர் பார்க்’ படத்தையும் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பர் 8 அன்று வர்ஜீனியாவின் ஷார்லட்ஸ்வில் நகரில் வாக்குச்சாவடியில் பணிபுரிந்தவர்களை, பெரும்பாலும் கறுப்பினப் பெண்களை, தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் கறுப்பு வெள்ளையில் எடுத்த 80 நிமிடப் படம். மேசைக்கு அப்பால் இருக்கும் முகத்தை லென்ஸ் பிடித்திருக்கும்போது வரிசையில் வருபவர்களின் முதுகும் தோளும் குறுக்கே வந்து திரையை அடைக்கின்றன. கவனம் குவியாத கறுப்புத் திட்டு ஒன்று திரையை நிரப்புகிறது, நகர்கிறது, முகம் மீண்டும் வருகிறது, மறுபடியும் திட்டு. அரூபம் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. வாக்களிக்க வந்தவரின் மேற்சட்டையால் ஆன அரூபம். அடுத்த ஆகஸ்டில் அதே நகரத்தில் வெள்ளை இனவெறியர்கள் திரண்டதை அறிந்தவர்களுக்கு அந்த முகங்களைப் பார்ப்பது வேறு வகை அனுபவமாக இருக்கும். ஆனால் படம் அதைச் சொல்லித் தரவில்லை, சொல்லித் தரவும் முடியாது. அது எடுக்கப்பட்டது அதற்கு முன்பு.

அவரே 2017 ஆகஸ்டின் சூரிய கிரகணத்தை வைத்து ஒரு குறும்படமும் எடுத்திருக்கிறார். அதைக் கறுப்பினப் படம் என்பீர்களா, கிரகணப் படம் என்பீர்களா?

பழைய பிலிம்காரன் எழுதியது:

நான் விமர்சகன் அல்லன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கலர் லேபில் பல ஆண்டுகள் பிரிண்ட் கிரேடிங், அதாவது பிரிண்டின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை, பார்த்தவன். எதிர்வெயில் தம்பி வாய்பாடு வேண்டாம் என்கிறார், சரி. ஆனால் படச்சுருள் என்பது யார் எடுத்தாலும் ஒன்றுபோல நடந்துகொள்ளும் நடுநிலைப் பொருள் என்று அவர் நினைப்பதாகத் தோன்றுவதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரீலின் தொடக்க முனையில், பார்வையாளர் கண்ணுக்கு ஒருபோதும் வராத சில சட்டகங்களில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமும் அருகில் சாம்பல் நிறப் பட்டையும் இருக்கும். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். புகைப்படக் கடைகளுக்குக் கோடக் நிறுவனம் அனுப்பிய அட்டைக்கு ‘ஷெர்லி’ என்றே பெயர்; 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த வெள்ளை முகம்தான் உலகத்துக்கே அளவுகோல். கறுப்புத் தோலின் நுணுக்கம் போதாது என்று அந்தத் தோலுக்கு உரியவர்கள் குறைப்பட்டதைவிட, சாக்லேட் விளம்பரம் செய்தவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் பழுப்பு நிறங்கள் பிரியவில்லை என்று சொன்ன புகார்தான் நிறுவனத்தின் காதில் முதலில் ஏறியது என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், மேசையில் நான் பார்த்தது அதுதான். வெளுத்த முகத்துக்கு ஒளி அளந்து எடுத்த காட்சியில் பக்கத்தில் நிற்கும் கறுத்த முகம் நெகடிவில் மெலிந்துவிடும். மெலிந்த நெகடிவில் விவரம் இருக்காது. பிரிண்டில் அதை வெளிச்சப்படுத்தி மேலே கொண்டுவரப் பார்த்தால் முகம் வராது. மணல் தூவியது போல் குருணைதான் கிளம்பும், கறுப்பு சாம்பலாகிவிடும். ஒருமுறை கதாநாயகியின் அருகில் நின்ற ஒரு நல்ல குணச்சித்திர நடிகரின் முகத்தில் இரண்டு கண்ணும் பல்வரிசையும் மட்டுமே மிஞ்சின. மேலாளரிடம் காட்டினேன். நாயகி சரியாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றேன். பிரிண்ட் போனது.

அளவுகோலிலேயே ஒருவனுக்கு இடம் இல்லை என்றால், அவன் அந்தச் சுருளைக் கீறுவதும் இருட்டிலேயே முகத்தை வைத்து எடுப்பதும் சும்மா விளையாட்டு ஆகாது. பிராக்கேஜும் ஒட்டினார், இந்த அம்மையாரும் ஒட்டினார். ஆனால் இருவருடைய முகத்தையும் அந்தச் சுருள் ஒன்றுபோல நடத்தவில்லை.

தாழ்வாரம் எழுதியது:

ஐயா, நன்றி. நீங்கள் சொன்ன மணலும் குருணையும் கறுப்பினப் படக்காரர் கிறிஸ்டபர் ஹாரிஸின் படங்களில் முதன்மைப் பாத்திரமாகவே வருகின்றன. 2004இல் அவர் எடுத்த ‘ரெக்லெஸ் ஐபாலிங்’ படத்தின் தலைப்பு, கறுப்பின ஆண் வெள்ளைப் பெண்ணைப் பார்ப்பதையே குற்றமாக்கிய தென்மாநில வழக்கத்தைக் குறிக்கும் சொற்றொடர். இது வெறும் பேச்சுவழக்கு என்று எண்ணிவிட வேண்டாம். 1951இல் வட கரோலினாவில் ஒரு கறுப்பினக் குத்தகை விவசாயி தொலைவிலிருந்து ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்ததற்காகத் தாக்குதல் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1953இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பார்வையே தாக்குதல் என்று சட்டம் சொன்ன நாட்டில், பார்வையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் படம் எடுக்கிறார். பழைய படங்களின் துண்டுகளை, இனவெறியைப் போற்றிய 1915இன் புகழ்பெற்ற மௌனப் படத்தையும் 1970களின் கறுப்பின நாயகி பாம் கிரியரின் முகத்தையும், மறுபடி பதித்து, சுருளைத் தம் கையாலேயே கழுவி எடுக்கிறார். ரசாயனம் சீராகப் படாததால் பிம்பம் திட்டுத் திட்டாக வெளுக்கிறது, எதிர்நிறமாகப் புரள்கிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதே நிலைகொள்ளாமல் போகிறது.

அவருடைய முந்தைய படமான ‘ஸ்டில்/ஹியர்’ (2000) இதற்கு நேர்மாறாக அமைதியானது. செயின்ட் லூயிஸ் நகரின் வடபகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்து கைவிட நேர்ந்த வீடுகளை ஒரு மணி நேரம் கறுப்பு வெள்ளையில் காட்டுகிறது. செங்கற்கள் உதிர்ந்த சுவருக்குள் வானம் தெரிகிறது. எடுக்க ஆளில்லாத தொலைபேசி மணி அடிக்கிறது. எதிர்வெயில் அவர்களுக்கு இந்தப் படம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உருவகம் எதையும் கையில் திணிக்காது.

எதிர்வெயில் எழுதியது:

‘ஸ்டில்/ஹியர்’ பார்த்திருக்கிறேன், பிடிக்கும். ஐயா சொன்ன ஷெர்லி செய்தியையும் மறுக்கவில்லை. படச்சுருள் நடுநிலையானது என்று நான் எழுதவில்லை, ஆனால் அப்படி எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. பொருண்மை என்ற சொல் இந்த இழையில் சுருளோடும் ரசாயனத்தோடும் ஒட்டிக்கொண்டு, கையால் கழுவுவதே புனிதம் என்ற அளவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கறுப்பினக் காணொளிக் கலைஞர் டோனி கோக்ஸ் 1988இல் ‘பிளாக் செலிப்ரேஷன்’ என்ற காணொளியைச் செய்தார். 1960களில் வாட்ஸ், டெட்ராய்ட், நியூவர்க் முதலிய இடங்களில் நடந்த கறுப்பின மக்கள் எழுச்சிகளின் செய்திப்படங்களை எடுத்து, அவற்றின்மேல் பூசப்பட்டிருந்த அறிவிப்பாளரின் குரலை அகற்றிவிட்டு, இசையையும் எழுத்தையும் வைத்தார். பிற்காலத்தில் படத்தையே அகற்றிவிட்டார். ஒற்றை நிறத் திரை, அதன்மேல் சொற்றொடர்கள், பின்னணியில் ஆடவைக்கும் பாப் இசை, அவ்வளவுதான். சுருளும் இல்லை, கீறலும் இல்லை, முகமும் இல்லை. கறுப்பு உடலைக் காட்டும்படி கேட்டுக்கொண்டே இருக்கும் ஊடகத்துக்கு அவர் தரும் பதில் ஒரு நீலத் திரை. அங்கே எது பொருள் என்று கேட்டால், வாசிக்க நமக்குத் தரப்படும் நேரமும், அந்த நேரத்தில் நம் காலைத் தாளம் போட வைக்கும் இசையும் என்றுதான் சொல்வேன்.

மணற்கடிகை எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை, படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை என்று பிரித்துப் பார்த்தேன். ஒலி இல்லாதபோது இலைகள் அலங்காரமாகத்தான் தெரிந்தன. என் பழைய ஐயம் அப்படியே நின்றது. ஒலியை மட்டும் கேட்டபோது, துப்பாக்கி நீட்டியபடி கத்தும் காவலரிடம் அந்தப் பெண் ‘சார்’ என்று மரியாதையோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் கேட்டது. இரண்டையும் சேர்த்தபோது உடல் மறைந்திருக்கும் இடத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தியில் பார்த்த நாளில் அந்தப் பெண்ணின் முகம் என் நினைவில் தங்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படத்தின் வேறொரு பகுதியில் ஹார்லெமின் தெருமுனையில் நின்று, கறுப்பினப் பெண்களிடம் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேரி கேட்டுக்கொண்டே இருப்பதும் இப்போது வேறு மாதிரி பொருந்துகிறது.

ஆனாலும் அந்த இலை அழகாக இருக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை. அந்த அழகு எனக்கு இன்னும் சங்கடமாகவே இருக்கிறது.

பழைய பிலிம்காரன் எழுதியது:

சங்கடம் இருக்கட்டும், தவறில்லை. நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டுப் பரணில் பழைய பதினாறு மில்லிமீட்டர் வெற்றுச் சுருள் கொஞ்சம் கிடந்தது. பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவால் இலை ஒட்டிப் பார்த்தோம். ஒரு சட்டகத்தின் அகலம் 10 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் ஏழரை. விநாடிக்கு 24 சட்டகம் என்றால் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் சுருள். ஓரளவு பெரிய மாவிலை ஒன்றை நீளவாக்கில் நறுக்கி ஒட்டினால் ஒரு விநாடி; அத்தனை பெரிய இலைக்கு அவ்வளவுதான் ஆயுள். ஆனால் மாவிலை தடிப்பு, விளக்குக்கு முன் பிடித்தால் முழுக் கறுப்பு. அரசிலையை ஊறவைத்து நரம்பு மட்டும் நிற்கும்படி எடுத்தால் கோடுகள் அருமையாக வந்தன. செம்பருத்தி ஈரம் விட்டு நாடாவே ஒட்டவில்லை. கடைசியில் வாசலில் உதிர்ந்து கிடந்த காகிதப்பூதான் சரியாக அமைந்தது. காய்ந்த சருகிலும் ஒளி போகிறது.

ஒரு மாலை முழுவதும் ஒட்டினோம். பத்து விநாடிகூடத் தேறவில்லை. கையால் சுற்றிப் பார்க்கும் கருவியில் ஓட்டினால் பூ என்றே தெரியவில்லை. சிவப்பாக ஏதோ துடிக்கிறது, நடுவில் நரம்பு ஓடுகிறது, நாடாவுக்குள் சிக்கிய காற்றுக் குமிழி ஒன்று எங்கள் இருவரின் கைரேகையோடு வந்து போகிறது. பேத்தி அந்தக் குமிழியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள்.